சேனை வைத்த விரல்

“சேனை வச்ச விரலு யாருதுன்னு சொல்லிட்டா, அந்த விரலு என்ன அழுகியா விழுந்துரும்?”

கோமதி மூன்றாம் மாடி நடையில் நின்று தண்ணீர்க் குழாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். குழாய்க்குப் பதிலாகச் சம்பந்தியம்மாள் சொர்ணம் வாயைத் திறந்தாள்.

“ஊரறிய ஒங்க கொழுந்தனாருதான் வச்சாவ. பிள்ளை அவர மாதிரி மேடையில பேசணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கினது யாரு? இப்போ எங்க பக்கம் கையக் காட்டுதீய.”

“ஆஸ்பத்திரியில என் கொழுந்தனாரு வாயில பஞ்சு வச்சு எச்சில் எடுத்துப் பாத்தாச்சு, அவரு இல்லைன்னுட்டாவ. அவருக்கு முந்தி ஒரு கை திருட்டுத்தனமா வச்சிருக்கு. அது எந்த வீட்டுக் கை?”

தூத்துக்குடிப் பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு கருப்பட்டித் தண்ணீர் யார் விரலால் வைக்கப்படுகிறதோ, அவர் குணம் பிள்ளைக்கு வரும். அதுதான் சேனை. ஒன்பது நாளுக்கு முன்னால் அந்த உரிமைக்காக இரண்டு சம்பந்திகளும் ஆஸ்பத்திரி வாசலில் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. இன்றைக்கு அதை எதிராளி தலையில் கட்டிவிட அதே சண்டை. இவ்வளவு சீக்கிரம் மதிப்பிறங்கிய பதவி உலகத்தில் வேறு இருக்காது.

சி பிளாக்கில் யாரும் சிரிக்கவில்லை. கோமதியின் மருமகள் முத்தரசி பெற்ற பெண்பிள்ளைக்கு நேற்றுக் காய்ச்சல் கண்டது, விடியற்காலையில் வெட்டு வந்து கைகால் இழுத்துக்கொண்டது, இப்போது குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. தகப்பன் கப்பலில், ஆப்பிரிக்காவைத் தாண்டி எங்கேயோ.

குழாய்க்கு எதிர்வீடு பிரம்மசக்தியுடையது. பிளாக்குக்கு அவள் பிரமு. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. மூடின உப்பளத்தின் மேல் கட்டிய அந்தக் குடியிருப்பில் எப்படிப் பூசினாலும் சுவரில் உப்பு பூத்துவிடும். அந்தந்த வீட்டு ரகசியங்கள் பிரமு வாயில் பூக்கும். அப்படிப்பட்டவள், தன் வாசலில் இத்தனை பெரிய சண்டை நடக்கும்போது கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடியபடி உள்ளேயே நின்றாள். வேறு நாளாக இருந்தால் பிளாக்கே அதிசயப்பட்டிருக்கும்.

பிரமுவும் எதிர்வீட்டுக் கோமதியும் பேசிக்கொள்வதில்லை. முப்பத்தைந்து வருஷமாக எல்லாம் சாடைதான். கோமதி குழாயைப் பார்த்துத் திட்டுவாள், பிரமு காக்காயைப் பார்த்துத் திருப்பித் திட்டுவாள். துணி காயப்போடும் கொடியில் தொடங்கிய பகை என்று பிளாக்கில் சொல்வார்கள். பகை தொடங்கும்போது அந்தப் பிளாக்கே கட்டப்படவில்லை என்பதை யாரும் யோசித்ததில்லை.

எட்டு மணிக்குத் தொற்றுத்துறை வண்டி கீழே வந்து நின்றது. ஜெபக்கனி இறங்கினாள். மெலிந்த பெண், முப்பதுக்குள் இருக்கும், மாதிரி எடுக்கிற பெட்டி தோளில். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் எல்லாரையும் கூட்டிவைத்துக்கொண்டு பேசினாள்.

“இது உதட்டுக் கொப்புள வைரஸ். நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு இருக்கு. நமக்கு வெறும் கொப்புளம். பிறந்த பிள்ளைக்கு மூளைக்குப் போயிரும்.”

மருந்து இல்லையா என்று யாரோ கேட்டார்கள். பழைய மருந்தெல்லாம் இருபது வருஷமாகத் தின்று தின்று அதற்குப் பழகிவிட்டது என்றாள். பிறகு அது எப்படி உள்ளே நுழைகிறது என்று கையை ஆட்டி விளக்கினாள்.

“அதுக்கு மேல்தோல்ல புரதம் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கும். நம்ம செல்லுக்கு வெளியில ஒரு கை உண்டு. பக்கத்துச் செல்லோட கோத்துக்கத்தான் அந்தக் கை. அது இல்லைன்னா தோலு தோலா நிக்காது. மொத முள்ளு வந்து அந்தக் கையப் பிடிக்கும், சொந்தக்காரன் மாதிரி. பிடிச்சதும் ரெண்டாவதுக்குத் தகவல் போவும். அது மூணாவத உசுப்பும். மூணாவது விரிஞ்சு, செல்லுச் சவ்வுல குத்தி, ரெண்டு சவ்வையும் இழுத்து ஒட்ட வச்சுரும். அது கதவத் திறந்துக்கிட்டு வாரதில்ல. ரெண்டு வீட்டுச் செவரும் ஒண்ணாப் போயிரும்.”

“மொதல்ல தரகன், அடுத்து ஆமாஞ்சாமி, கடைசியா பெட்டி படுக்கையோட வீட்டோட மாப்பிள்ளை,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது பிரமு. பயத்திலும் வாய் நிற்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். முத்தரசி அங்கே நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

முறிக்க வழி இருந்தது. போலிக் கை. செல்லின் கையைப் போலவே ஒன்றை வெட்டி ரத்தத்தில் மிதக்கவிட்டால், வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து கிடக்கும். ஆனால் ஒவ்வொரு குடும்பத்து வைரஸுக்கும் இப்போது பிடி வேறு வேறு. பிள்ளையின் ரத்தத்தில் கிடைத்தது ஒப்பிட்டுப் பார்க்கப் போதும், அளவெடுத்து வெட்டப் போதாது. பிள்ளைக்குக் கொடுத்த ஆளின் எச்சில் வேண்டும்.

“மத்தியானத்துக்குள்ள கிடைச்சா முழுசாக் காப்பாத்தலாம். சாயங்காலம் ஆறு தாண்டிட்டா நான் வெறுங்கையோட நிப்பேன்,” என்றாள் ஜெபக்கனி.

ஒரு பஞ்சு, ஒரு நிமிஷம். ஆனாலும் கூட்டம் மெல்லக் கலைந்தது. காரணம் தொற்றுவழிச் சட்டம். கொடுத்த மாதிரியெல்லாம் பதிவேட்டில் ஏறும். யாருடைய வைரஸ் யாருடையதோடு ஒத்துப்போகிறதோ, இரண்டு பேர் வீட்டு ஃபோன்களுக்கும் கோடு போட்ட படம் போய்ச் சேரும், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, சுமார் எந்த வருஷம் என்பது வரை. பிறந்த பிள்ளைகள் சாகிற காலத்தில் நல்ல எண்ணத்தோடு போட்ட சட்டம்தான். ஆனால் உதட்டிலிருந்து உதட்டுக்குப் போகிற கோடு அண்ணன் தங்கை முத்தத்தோடு நிற்பதில்லையே. இரண்டு வருஷத்தில் அந்தக் குடியிருப்பில் மூன்று வீடு காலியானது. ஒவ்வொரு படம் வந்தபோதும் மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோடு எங்கே போகிறது என்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டியவள் பிரமு. தன் வாயில் மட்டும் பஞ்சு வைக்க விட்டதில்லை. ஒருமுறை பல்வலி என்றாள், ஒருமுறை விரதம் என்றாள்.

முத்தரசியின் எச்சில் ஒத்துப்போகவில்லை. சொர்ணத்தினுடையதும் இல்லை. கோமதியைக் கேட்டபோது, பிள்ளையைத் தொடவே இல்லை என்றாள். எல்லாரும் நம்பினார்கள். பெற்ற மகனுக்கே ஒரு முத்தம் கொடுக்காமல் வளர்த்தவள் அவள். கப்பல் கம்பெனிச் சோதனையில் அவன் உதட்டில் ஒன்றுமே இல்லை என்று வந்தபோது அதையும் பிரமுதான் வாசித்தாள். “பாவம், ஒரு முத்தம் வாங்காம மீசை முளைச்ச பய,” என்று காக்காயிடம் சொன்னாள்.

இப்போது பிரமு வீட்டுக்குள் உட்கார்ந்து தன் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பிறந்த அன்று காலை ஏழு மணிக்கு, யாரும் கேட்காமலே ஃபிளாஸ்க்கில் கருப்பட்டித் தண்ணீரோடு வார்டுக்குப் போனவள் அவள்தான். முத்தரசி மயக்கத்தில் தூங்கினாள். கோமதி பத்தரை மணி நல்ல நேரத்துக்காகக் கொழுந்தனாரை அழைக்கப் போயிருந்தாள். தொட்டிலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடத்தான் நினைத்தாள் பிரமு. பிள்ளைக்குக் கோமதியின் நெற்றி அப்படியே இருந்தது, நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தோடு. விரல் தானாகத் தண்ணீரில் போயிற்று. சூடு அதிகமாக இருந்தால் பிள்ளை நாக்கு பொத்துவிடுமே என்று, பிள்ளை பெறாதவளுக்கும் தெரிந்த பழக்கத்தில், முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு பிள்ளை வாயில் வைத்தாள். பிள்ளை சப்பியது. உதட்டு ஓரத்தில் அன்றைக்கு ஒரு கொப்புளம் இருந்தது. பலாப்பழச் சூடு என்று நினைத்திருந்தாள்.

ஒரு பஞ்சுதான். ஆனால் தன் எச்சிலிலிருந்து கிளம்பும் கோடு எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டு வாசலில்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. முத்தரசி. ஒன்பது நாள் பச்சை உடம்பு, மூன்று மாடியும் ஏறி இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு வந்திருந்தாள். பால் கட்டிச் சேலை நனைந்திருந்தது.

“சித்தி, இந்தப் பிளாக்ல ஒங்களுக்குத் தெரியாம ஒரு எறும்பு வயசுக்கு வராது. அன்னைக்கு யாரு வார்டுக்கு வந்தான்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். யாரையும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கால்ல விழுந்து கும்பிடுவேன், அவ்வளவுதான். பேரச் சொல்லுங்க.”

வாழ்நாள் முழுவதும் யாரும் கேட்காமலே பேர் சொல்லித் திரிந்தவளிடம் முதன்முறையாக ஒருத்தி பேர் கேட்டு நிற்கிறாள். பிரமு கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். சொல்ல வாயெடுத்தாள். முத்தரசியின் தோளுக்குப் பின்னால், நடையில், கோமதி குழாயடியில் நின்றாள்.

“அந்த வார்டு ஆயா, தங்கபுஷ்பம்,” என்றது பிரமுவின் வாய். “காலையில தொட்டில்கிட்ட நின்னத யாரோ பாத்ததாச் சொன்னாவ.”

முத்தரசி ஓடினாள். அந்த உடம்போடு படியில் அவள் இறங்கிய சத்தம் பிரமுவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தங்கபுஷ்பம் அன்றைக்கு விடுப்பில் முத்தையாபுரத்துக்குப் போயிருந்தாள். வண்டி போய், அவளைத் தேடிப் பிடித்து, அழுதவளைச் சமாதானம் செய்து பஞ்சு வைத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், முடிவு வரும்போது இரண்டு மணி. இல்லை. அதோடு வேறு ஒன்று வந்தது. தாலி அறுத்து ஆறு வருஷமான தங்கபுஷ்பத்தின் கோடு, அதே ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரன் வரை போனது. படம் அவன் பெண்டாட்டி ஃபோனுக்கும் போனது.

மத்தியானம் தாண்டிவிட்டது. பிள்ளைக்கு மூன்றாம் முறை வெட்டு வந்ததாகச் செய்தி வந்தபோது பிரமு நடைக்கு வந்தாள். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள். முந்தானை நழுவியது. நிமிர்ந்தபோது எதிரே கோமதி.

கோமதி அவள் முகத்தை, உதட்டு ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்த பொருக்கைப் பார்த்தாள். குடத்தை வைத்தாள். அவள் திட்டப் போகிறாள் என்று அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. கோமதி குடத்தை அப்படியே விட்டுவிட்டு, செருப்பு கூடப் போடாமல் படியிறங்கிப் போனாள்.

பிரமு நடையிலேயே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோமதி போய்ச் சொல்லியிருப்பாள், ஆட்கள் வருவார்கள், இழுத்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. வெயில் குழாயடிக்கு நகர்ந்து வந்தபோது அவளே எழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் யாராவது எழுந்து நீதான் என்று சொல்லமாட்டார்களா என்று இருந்தது. கண்டக்டர், எங்கே இறங்கணும் என்றுதான் கேட்டான்.

கண்ணாடி வார்டுக்கு வெளியே தொற்றுத்துறை மேசையில் ஜெபக்கனி எழுதிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் சேனை வச்சேன். எடு,” என்றாள் பிரமு. வாயைத் திறந்தாள்.

ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்தாள். “ஒங்களுது வேண்டாக்கா. ஒத்துப்போற மாதிரி கிடைச்சாச்சு, மிஷின்ல போட்டாச்சு. கோமதியம்மா குடுத்தாவ. தொட்டில்ல கிடந்த பிள்ளையக் கொஞ்சிட்டேன்னு ஒத்துக்கிட்டாவ.”

பிரமுவின் வாய் திறந்தபடியே இருந்தது.

பெஞ்சின் ஒரு முனையில் கோமதி இருந்தாள். அடுத்த முனையில், சுவரோடு சுவராக, முத்தரசி. நடுவில் நாலு பேர் உட்காரும் இடம் காலி.

“காலையிலேர்ந்து ஊரையே நிக்கவச்சு ஏசினீங்களே அத்தை,” என்று முத்தரசி சுவரைப் பார்த்துச் சொன்னாள். குரலே இல்லை. “எட்டு மணிக்கு ஒங்க வாய் எங்க போச்சு? இனிமே எம் பிள்ளை இருந்தாலும் செத்தாலும் நீங்க தொடக் கூடாது.”

கோமதி தலையை ஆட்டினாள். சரி என்பதுபோல.

பிரமுவுக்குப் புரிந்தது. இரண்டு பேர் எச்சிலும் ஒன்றுதான் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். கோமதி தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள், பிரமுவுடையது பதிவேட்டில் ஏறாவிட்டால் கோடே கிடையாது. வீட்டுக்குப் போய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். ஒரு கிழவி பேத்தியைக் கொஞ்சிக் கொல்லப் பார்த்த கதையைக் காக்காயிடம் சொல்லலாம்.

அவள் ஜெபக்கனிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அவ பொய் சொல்லுதா. அவ யாரையும் கொஞ்ச மாட்டா. எடு.”

“ஏளா,” என்றாள் கோமதி.

குழாயைப் பார்த்து இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் நேராக முகத்தைப் பார்த்து.

“ஏளா, எந்திரி. வீட்டுக்குப் போ.”

“இத்தனை வருசம் கழிச்சு எங்கிட்டப் பேசுத. வீட்டுக்குப் போன்னா பேசுவ?” என்றாள் பிரமு. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயை அகலத் திறந்து, திறந்தே வைத்திருந்தாள். ஜெபக்கனி ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்துவிட்டு, பஞ்சை எடுத்தாள்.

போலிக் கை மறுநாள் விடிகிற நேரத்தில் பிள்ளையின் ரத்தத்தில் ஏறியது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை பிழைத்தது. இடது கண் போய்விட்டது. மத்தியானத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். பிரமு அந்த அறையில் இருந்தாள்.

படமும் வந்தது. கோமதியிலிருந்து பிரமுவுக்கு ஒரு கோடு, முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தையது. இருவரும் இறால் உறிக்கும் கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கியிருந்த வருஷம். கோமதியின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். செத்துப்போன புருஷன் மூலமாக இருக்கும் என்று மாடிப்படி முதலில் பேசியது. அவர் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாதிரி பதிவேட்டில் இருந்தது, அவர் கோடு வேறு பக்கம் போனது. மாடிப்படி ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தது. வாசித்துக் காட்ட ஆள் வேறு இல்லை. பிறகு சொர்ணம்தான் வழி கண்டுபிடித்தாள். சின்ன வயசில் மாங்காயைக் காக்காக்கடி கடித்துத் தின்றிருப்பாளுகள், எச்சில் ஒட்டியிருக்கும் என்றாள். ஆமாம், ஆமாம், காக்காக்கடிதான் என்று மூன்று மாடியும் ஒப்புக்கொண்டது. ஜெபக்கனியிடமும் கேட்டார்கள். காக்காக்கடி என்றால் முந்தானைத் துணியைப் போட்டு மூடித்தானே கடிப்பார்கள், துணி நடுவில் இருந்தால் எச்சில் எங்கே ஒட்டும் என்று அவளுக்குத் தெரியும். இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜெபக்கனிக்கு அடுத்த தையில் சாயர்புரத்தில் கல்யாணம் ஆனது. முத்தரசியின் புருஷன் கப்பல் வேலையை விட்டுவிட்டுக் கொச்சியில் கரை வேலை பார்த்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையை அங்கேயே கூட்டிப் போய்விட்டான். முத்தரசி கோமதியோடு பேசுகிறாள், ஃபோனில். பிரமுவோடு பேசுவதில்லை. பிள்ளை ஒற்றைக் கண்ணாலேயே எதிர்வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் பார்க்கிறதாம். சேனை வைத்த குணம் எங்கே போகும் என்று சொர்ணம் சொன்னாள்.

கோமதி தன் வீட்டைப் பூட்டிவிட்டு எட்டடி தள்ளி எதிர்வீட்டுக்குக் குடிபோனாள். வயசான காலத்தில் ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று பிளாக் சொன்னது. குழாயை இப்போது யாரும் திட்டுவதில்லை.

தங்கபுஷ்பத்துக்காக மட்டும் ஒருவரும் காக்காக்கடி சொல்லவில்லை. அவள் வேறு பிளாக்குக்காரி. மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டி ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவள் சேலையைப் பிடித்து இழுத்த அன்றே வேலையை விட்டு, கோவில்பட்டிக்குத் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டாள். மாதம் ஒருமுறை பிரமு பஸ் ஏறிப் போய் அந்தக் கதவைத் தட்டுகிறாள். கதவு இதுவரை திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று பிரமுவுக்குத் தெரியும். சாளை மீன் குழம்பு கொதிக்கிற வாசம் தெரு வரைக்கும் வருகிறது, அவள் தட்டியதும் கரண்டிச் சத்தம் நின்றுவிடுகிறது.